இருபத்தாறு அங்குலம்

நடந்ததை நடந்தபடி சொல்கிறேனா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. லைல் ஸாஸ்ட்ரோவைப் பிடித்துக்கொண்டு போனது புதன்கிழமையா வியாழக்கிழமையா என்று இன்றைக்கு ஆல்டர் ஃபால்ஸில் கேட்டாலும் இரண்டு கட்சி இருக்கும். அந்தச் சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது என்கிறாள் பெவ். தூறவில்லை என்கிறார் ஆர்விட். பாதியை அவளிடமும் பாதியை அவரிடமும் கேட்டுக்கொண்டேன். நடுவில் விழுந்த ஓட்டைகளை நானே அடைத்திருப்பேன். அம்பின் நீளம் மட்டும் எனக்கு நிச்சயம். ஷெரிஃப் அலுவலகத்தில் அதைப் பற்றிய அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணி. கவுண்டி சிறையின் பார்வையாளர் அறையில் துப்பறிவாளர் ஆர்விட் டோலெஃப்ஸன் முக்கால் மணி நேரமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்க வில் எங்கே, லைல்?”

மேசைக்கு அந்தப் பக்கம் லைல் உட்கார்ந்திருந்தான். பால் லாரி ஓட்டுபவன். ஆறடி மூன்று அங்குலம். அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்திருப்பது, பள்ளிக்கூட பெஞ்சில் பெரிய மனிதர் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

“நான் எய்யல.”

“அதைப் பதினோரு தடவை சொல்லிட்டீங்க. நான் நம்பறேன். வில் எங்கே?”

“அது என் சொந்த விஷயம்.”

“வில்லு என்ன உள்ளாடையா, சொந்த விஷயம்ங்கிறதுக்கு?” என்றாள் பெவ்.

பெவ் ஜவோர்ஸ்கி ஆர்விட்டின் உதவியாளர். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஏரிக்கரை மதுக்கடையில் ஊற்றிக் கொடுத்தவள். ஊரில் பாதிப் பேரின் ரகசியம் அவளுக்குத் தெரியும். மீதிப் பேர் குடிக்காதவர்கள்.

ஆர்விட் பேசாமல் இருந்தார். மில்வாக்கியில் இருபது வருடம் காப்பீட்டு மோசடிகளைத் துருவியபோது அவர் கற்றுக்கொண்ட ஒரே கருவி அது. எதிரே இருப்பவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது. பெரும்பாலான மனிதர்களுக்கு ஒரு நிமிஷ அமைதியே தாங்காது. எதையாவது சொல்லி அதை மூடப் பார்ப்பார்கள். லைலுக்கு அது தாங்கியது. தினம் ஆறு மணி நேரம் தனியாக லாரி ஓட்டுபவன். பன்னிரண்டு நிமிஷம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் லைல் எழுந்தான்.

“திங்கட்கிழமை காலைல ஒன்பது மணிக்கு அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டுடறேன். ஆளை விடுங்க.”

அரசு வக்கீல் நீட்டியிருந்த காகிதம் அது. கவனமில்லாமல் எய்த அம்பு கோர்டி ஹாஸ் மேல் பட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டால் பதினெட்டு மாதம். ஒப்புக்கொள்ளாவிட்டால் கொலை முயற்சி வழக்கு.

வெளியே மேவிஸ் ஸாஸ்ட்ரோ நின்றிருந்தாள். பள்ளிச் சமையலறையில் வேலை செய்பவள். சின்ன உருவம். ஆர்விட்டை அமர்த்தியதே அவள்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் பதில் தெரிந்துவிட்டது.

“இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். அந்த மனுஷன் கோபப்பட்டா கதவைச் சாத்துவார், அவ்வளவுதான். அம்பு எய்யற ஆள் இல்ல. ஆனா வில்லு எங்கேன்னு எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறார். பதினெட்டு மாசம்! நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க!”

ஆர்விட் காரை ஷெரிஃப் அலுவலகத்துக்கு விட்டார்.

*

ஷெரிஃப் அலுவலகத்தில் துணை ஷெரிஃப் ரேண்டி மட்டும் இருந்தான். அக்டோபர் கடைசி வாரம். கிடாமான்கள் பெட்டைகளைத் தேடி அலையும் நேரம். மற்ற எல்லோரும், ஷெரிஃப் உட்பட, ஏதாவது ஒரு மரத்தின் மேல், பரணில், வில்லோடு மானுக்குக் காத்திருந்தார்கள்.

“இந்த வாரம் ஒரு பேங்க்கைக் கொள்ளையடிச்சா யாரும் பிடிக்க மாட்டாங்க, பாஸ்,” என்றாள் பெவ். “ஆனா பேங்க்லயும் ஆள் இருக்காது.”

ரேண்டி படங்களை மேசையில் பரப்பினான். விஷயம் சின்னதுதான். செவ்வாய்க்கிழமை காலை கோர்டி ஹாஸ் தன் நிலத்தில் பரண் கட்டிய மரத்தடியில் கிடந்து, தானே அவசர எண்ணுக்குக் கூப்பிட்டிருக்கிறார். தொடையின் மேல்பகுதியில் அம்பு. ஆம்புலன்ஸ் போவதற்குள் நிறைய ரத்தம் போயிருந்தது. யார் எய்தது என்று தெரியாது, பார்க்கவில்லை என்றார். ஆனால் அம்பில் பெயர் இருந்தது.

முதல் படத்தில் அந்த அம்பு. அவர் கீழே விழுந்த வேகத்தில் இரண்டாக ஒடிந்திருந்தது. இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்திருந்தார்கள். இருபத்தாறு அங்குலம். மஞ்சள் இறகு. தண்டில் கறுப்பு மையால், எல். ஸாஸ்ட்ரோ.

“போன மாசம் மதுக்கடையில மீன் வறுவல் விருந்து அன்னிக்கு, கடை நிறைய ஆளுங்க இருக்கப்ப லைல் என்ன சொன்னான் தெரியுமா?” என்றான் ரேண்டி. “‘உன் பரண் என் எல்லைக்குள்ள பத்தடி வந்திருக்கு, எடுக்கலைன்னா உனக்குள்ள ஒரு அம்பை விடுவேன்’னான். நாற்பது சாட்சி.”

“அன்னிக்கு நானும் இருந்தேன்,” என்றாள் பெவ். “அதே வாயால தட்டுல இருந்த மீனையும் மிரட்டினான். மூணாவது பிராந்தி அது.”

ரேண்டி சிரிக்கவில்லை. அவன் தலைக்கு மேலே சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ் தொங்கியது. வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி, பன்னிரண்டாம் வயதில் தேறியது. கீழே கையெழுத்து: கோர்டன் ஹாஸ். அந்த கவுண்டியில் முப்பத்தெட்டு வருடமாக அந்த வகுப்பை எடுப்பவர் அவர். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே யாரும் வேட்டை லைசென்ஸ் வாங்கியதில்லை. ஷெரிஃப் வாங்கியதில்லை. அரசு வக்கீல் வாங்கியதில்லை. லைலும்தான்.

“ஹாஸ் சாரை எய்துட்டு வில்லை ஒளிச்சு வெச்சிருக்கான்,” என்றான் ரேண்டி. “வீடு பூரா தேடிட்டோம். எய்யலைன்னா வில்லைக் காட்ட வேண்டியதுதானே?”

ஆர்விட் படங்களைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

காரில் ஏறியதும் பெவ் சொன்னாள். “வில்லு எங்கே போச்சுன்னு தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருப்பான். டென்னி வாவ்ரா. இந்த ஊர்ல எல்லா வில்லும் அவன் கடையிலதான் பொறக்குது, அங்கதான் சாகுது. ஆனா சும்மா போய்க் கேட்டா வாயைத் திறக்க மாட்டான்.”

“எப்படிக் கேட்கணும்?”

“வில்லு வாங்கப் போங்க.”

“எனக்கு எதுக்கு வில்?”

“அஞ்சு வருஷமா இங்க இருக்கீங்க, ஒரு மான் அடிச்சதில்ல. ஊர்ல உங்களுக்கு ஏதோ வியாதின்னு பேசிக்கறாங்க. வாங்க.”

*

டென்னியின் கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மரம் ஏற முடியாத வயசுக்காரர்கள். சனிக்கிழமையைக் கழிக்க வந்தவர்கள். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் பெயர்களும் எண்களும். லைல் ஸாஸ்ட்ரோ 70. ரேண்டி 70. ஷெரிஃப் 72. வில்லை முழுதாக இழுக்க எத்தனை பவுண்டு பலம் வேண்டும் என்ற கணக்கு அது. ஆகஸ்டு கடைசியில் எல்லோர் முன்னாலும் இழுத்துக் காட்டிப் பெயரை எழுதிக்கொள்வது அங்கே வழக்கம்.

“மிஸ்டர் டோலெஃப்ஸனுக்கு வில்லு வேணுமாம்,” என்று பெவ் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். “சிரிக்கறவங்க வெளியில போய்ச் சிரிங்க.”

யாரும் வெளியே போகவில்லை.

டென்னி ஐம்பது வயதுக்காரன். காதில் பென்சில். ஆர்விட்டைச் சுவரோரம் நிற்க வைத்தான்.

“ரெண்டு கையையும் விரிங்க. ஏசு மாதிரி.” ஒரு நடுவிரலிலிருந்து மறு நடுவிரல் வரை நாடா பிடித்தான். “எழுபது. இதை ரெண்டரையால வகுத்தா இருபத்தெட்டு. நீங்க இருபத்தெட்டு அங்குலம் இழுக்கற ஆள். வில்லை அதுக்குத் தகுந்த மாதிரி வெச்சுக் கொடுப்பேன். மரவில்லுன்னா எவ்வளவு வேணும்னாலும் இழுக்கலாம். இந்தக் கப்பி வெச்ச வில்லு அப்படி இல்ல. உங்க அளவு வந்ததும் சுவர்ல மோதின மாதிரி நின்னுடும். சட்டை மாதிரி. உங்களுது உங்களுக்குத்தான்.”

பிறகு ஒரு முக்காலியில் உட்கார வைத்தான். இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளச் சொன்னான்.

“நின்னுகிட்டு இழுத்தா எல்லாரும் ராஜா. பரண்ல குளிர்ல மூணு மணி நேரம் உட்கார்ந்து, மான் வர்றப்ப அசையாம இழுக்கணும். அதுக்கு இதுதான் பரீட்சை. வில்லு நேரா இருக்கணும், வானத்தைப் பார்க்கக் கூடாது.”

அவன் கொடுத்த முதல் வில் எழுபது பவுண்டு. ஆர்விட் இழுத்தார். நாண் நாலு விரற்கடை வந்து நின்றது. பின்னால் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை. அடுத்தது அறுபது. வில் மெல்ல மேலே போய்க் கூரையைக் குறி பார்த்தது. கால் தரையில் பட்டுவிட்டது.

“கொக்கு வேட்டைக்கா வந்தீங்க, பாஸ்?” என்றாள் பெவ்.

ஐம்பது பவுண்டு வில்லை அவர் இழுத்தார். பாதி வழியில் கனத்த நாண், கடைசியில் திடீரென்று லேசாகி, கையில் சாதுவாக நின்றது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆர்விட்டின் காது மடல் எரிந்தது. ஐம்பத்தெட்டு வயதில், ஒரு மானையும் கொல்ல விருப்பமில்லாத ஒருவர், எழுந்து நின்று “அந்த எழுபதையே கொடு” என்று சொல்ல வாயெடுத்தார். தொண்டை வரை வந்த வார்த்தையை விழுங்கிய பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. முன்பின் தெரியாத ஏழு கிழவர்கள் முன்னால் தனக்கே இப்படி என்றால், இந்த ஊரிலேயே பிறந்தவனுக்கு?

டென்னியை ஜன்னலோரம் அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஐம்பது போதுமா?”

“மானுக்கு நாற்பதே போதும். இதை வெளியில சொல்லிடாதீங்க. எழுபது வில்லு ஒண்ணும் விற்காது.”

“இந்தப் பலகைல எழுபதுன்னு இருக்கற எத்தனை பேர் எழுபது இழுக்கறாங்க?”

டென்னி பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி வைத்தான்.

“உங்க கடைக்குப் பின்வாசல் இருக்கா, டென்னி?”

பதில் இல்லை. ஆர்விட்டும் பேசவில்லை. லைலிடம் பலிக்காத அமைதி இங்கே பலித்தது. டென்னி வியாபாரி; அவனுக்குப் பேசாமல் இருந்து பழக்கமில்லை. அரை நிமிஷத்தில் அவர்களை உள் அறைக்குக் கூட்டிப் போனான்.

அங்கே ஆணியில் ஒரு பெரிய வில் தொங்கியது.

“ஆகஸ்டுல கொண்டு வந்தான். கடை அடைச்சப்புறம், பின்வாசல் வழியா. அவன் வலது தோள் போச்சு. லாரில பால் ஏத்தற குழாயைத் தூக்கித் தூக்கி. கை மார்புக்கு மேல வரலை. நாற்பதுக்குக் குறைச்சுத் தரேன்டான்னேன். ‘எங்கப்பா எழுபது இழுத்தார்’னு சொல்லிட்டு வில்லையும் அம்பையும் வெச்சுட்டுப் போயிட்டான். பலகைல போன வருஷத்துப் பேரை மட்டும் அழிக்காதேன்னான்.”

“அப்புறம் ரெண்டு மாசமா விடியக்காலைல பரணுக்குப் போறானே?” என்றாள் பெவ்.

“போறான். வெறுங்கையோட உட்கார்ந்துட்டு வர்றான்.”

பெவ் அந்த வில்லின் மேல் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தாள்.

“அம்புகள்?” என்றார் ஆர்விட்.

“அதோ, அந்தப் பீப்பாய்ல போட்டேன். பழசு, தனியா மிஞ்சினது எல்லாம் அதுலதான். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். அவங்கவங்க அளவுக்கு வெட்டிக் கொடுப்பேன்.”

“இருபத்தாறு அங்குலமா வெட்டின அம்பை லைல் எய்ய முடியுமா?”

டென்னி சிரித்தான். “அவனா? அவன் முப்பது இழுக்கற ஆள். பாதியிலயே அம்பு நழுவி உள்ள விழுந்து அவன் கையைத்தான் கிழிக்கும். இருபத்தாறுன்னா அஞ்சடி நாலு அங்குல ஆளு.”

“யாருக்கு வெட்டினே?”

“சீசனுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு நூறு அம்பு வெட்டறேன், அம்பைப் பார்ப்பேனா, மூஞ்சியைப் பார்ப்பேனா? அந்த அளவுன்னா பொம்பளைங்க, பன்னிரண்டு வயசுப் பசங்க. அப்புறம் இதோ பெவ்.”

“நான்தான் எய்தேன். விலங்கு மாட்டுங்க,” என்று பெவ் கையை நீட்டினாள்.

“அப்புறம் நம்ம ஹாஸ் சார். அவர் தன்னைத்தானே எய்துக்கலைன்னா, அவரை விட்டுடலாம்.”

மூவரும் சிரித்தார்கள். ஆர்விட்டும்தான். அதற்காகப் பிறகு அவர் தன்னைத் தானே ரொம்ப நாள் திட்டிக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை, துள்ளாத குறையாக ரேண்டியிடம் போனார்கள். வில் கிடைத்துவிட்டது, அம்பு லைலின் கைக்குக் குட்டை, வழக்கு முடிந்தது. ரேண்டி கடைசிவரை கேட்டான். படத்தில் அளவுகோலைப் பார்த்தான். தலையாட்டினான்.

“சரிதான். யாரோ குட்டையான ஆளு.” கொஞ்சம் யோசித்தான். “மேவிஸ் எவ்வளவு உயரம் இருப்பா?”

ஆர்விட் அந்தப் படத்தை அவசரமாகக் கவிழ்த்து வைத்தார்.

“அவங்க வேட்டையாடறதில்ல,” என்றார்.

“போன வருஷம் லைசென்ஸ் எடுத்திருக்கா. வீட்டுல புருஷனோட பழைய அம்பு கிடக்கும். எல்லைத் தகராறு அவளுக்கும்தானே? இப்பப் புரியுது லைல் ஏன் வாயைத் திறக்கலைன்னு!”

அவன் எழுந்து உள்ளே சிறைப் பக்கம் போனான். பத்து நிமிஷத்தில் வந்தான். “லைல்கிட்ட சொன்னேன். நாளைக்கு வரைக்கும் எதுக்கு, இப்பவே காகிதத்தைக் கொண்டா, நான்தான் எய்தேன்னு கத்தறான். டென்னி சொன்னது பொய்யாம். தோள்ல ஒண்ணும் இல்லையாம். எழுபது பவுண்டைத் தூக்கத்துல இழுப்பானாம்.”

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஆர்விட் காரின் கதவை அறைந்து சாத்தினார். திறந்து மறுபடி ஒரு முறை சாத்தினார்.

“ஒருத்தரைக் காப்பாத்தப் போய்க் குடும்பத்தையே உள்ள தள்ளிட்டோம், பாஸ்,” என்றாள் பெவ். “இன்னும் ரெண்டு நாள் துப்பறிஞ்சா நாயையும் பிடிச்சிருப்பாங்க.”

ஆர்விட் காரில் ஏறிக்கொண்டார். நாற்பது நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெவ் ஒரு பொட்டலம் பொரித்த சீஸைத் தின்று முடித்தாள். எதிர்ச் சுவரில் ஒரு அணில் ஏறியது, இறங்கியது. லைல் மேல் அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை. தோள் போய்விட்டது என்ற ஒரு வார்த்தை. அதைச் சொல்வதைவிட ஒருவன் சிறைக்குப் போகத் தயார் என்றால் அவனுக்காக எவன் என்ன செய்ய முடியும்? இந்த ஊரில் எவனும் தனக்கு ஒன்று முடியாது என்று சொல்ல மாட்டான். எவனும்.

அந்த வார்த்தையில் அவர் நினைப்பு நின்றது.

“பெவ். எவனும் சொல்ல மாட்டான், இல்ல?”

“எதை?”

“தப்பு பண்ணிட்டேன்னு.”

பதிலுக்குக் காத்திராமல் இறங்கி உள்ளே போனார். ரேண்டி தொலைபேசியில் இருந்தான்.

“ஹாஸ் சாரோட சாமான் எல்லாம் இங்கதானே இருக்கு? அவரோட அம்புக்கூடு?”

ரேண்டி எரிச்சலோடு அலமாரியைத் திறந்தான். வில்லோடு மாட்டும் கூட்டில் நாலு அம்பு இருந்தது. ஒன்று சிவப்பு இறகு, ஒன்று பச்சை, ஒன்று வெள்ளை, ஒன்று ஊதா. டென்னியின் பீப்பாயில் பொறுக்கிய பழசுகள். கோர்டி ஹாஸ் தேநீர்ப் பையை இரண்டு தடவை பயன்படுத்துபவர்; ஒரே நிறத்தில் புது அம்பு வாங்கினால்தான் ஊர் ஆச்சரியப்பட்டிருக்கும்.

“அஞ்சு அம்பு வைக்கற கூடு,” என்றார் ஆர்விட். “நாலுதான் இருக்கு. இதை யாராவது அளந்தீங்களா?”

“குத்துப்பட்டவரோட அம்பை எதுக்கு அளக்கணும்?”

“அளங்க.”

ரேண்டி மேஜை அளவுகோலை எடுத்தான். சிவப்பு, இருபத்தாறு. பச்சை, இருபத்தாறு. வெள்ளை, இருபத்தாறு. ஊதாவை அவன் அளக்கவில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்ததோடு சரி.

“சிவப்பு இறகு அம்புல என்ன பேரு?” என்றாள் பெவ்.

ரேண்டி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பாதி அழிந்த எழுத்து. மூன்று வருடம் முன்பு இறந்துபோன ஒருவரின் பெயர்.

“செத்தவரையும் கைது பண்ணிடு, ரேண்டி. பேரு இருக்கே.”

ஆர்விட் மூன்றாவது படத்தை எடுத்து நீட்டினார். மரம், சார்த்திய ஏணி, ஏணியின் கடைசிப் படியில் அழகாகச் சுருட்டி மாட்டிய ஒரு கயிறு. “நான் வேட்டைக்காரன் இல்ல. இந்தக் கயிறு எதுக்கு?”

“அது... வில்லையும் அம்பையும் கீழே கட்டி வெச்சுட்டு, வெறுங்கையோட ஏறணும். மேல போய் பெல்ட்டை மரத்துல கட்டிட்டு, அப்புறம் கயிற்றால இழுத்துக்கணும்.” ரேண்டி பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பது போலச் சொன்னான். “முதல் வகுப்புல முதல் பாடம். அம்போட ஏணி ஏறினா, விழறப்ப அம்பு நமக்குத்தான்...”

அவன் நிறுத்தினான். படத்தையே பார்த்தான்.

“ஹாஸ் சார் அப்படிச் செய்ய மாட்டார்,” என்றான். குரல் பன்னிரண்டு வயதுக்குப் போயிருந்தது. “அவர்தானே எங்களுக்கு...”

“அதனாலதான் நீங்க யாரும் பார்க்கல,” என்றார் ஆர்விட்.

*

ஆஸ்பத்திரியில் கோர்டி ஹாஸ் தலையணையில் சாய்ந்திருந்தார். அறுபத்தேழு வயது. கட்டிலில் பாதிகூட நிறையாத உடம்பு. ஜன்னலோரம் பூச்செண்டுகள், எல்லாம் பழைய மாணவர்கள் அனுப்பியவை. ரேண்டி வாசலிலேயே நின்றுவிட்டான்.

“ஒரு உதவி வேணும், சார்,” என்றார் ஆர்விட். “வில்லு வாங்கலாம்னு இருக்கேன். ஐம்பது பவுண்டு. பரண் ஏறிப் பழக்கமில்ல. எப்படி ஏறணும்னு சொல்லிக் கொடுங்க.”

கிழவரின் முகம் மலர்ந்தது. “நல்லது. வயசு ஒரு தடையே இல்ல. முதல்ல ஏணியை ஆட்டிப் பாருங்க. பெல்ட்டைத் தரையிலேயே மாட்டிக்குங்க. மூணு இடத்துல எப்பவும் பிடி இருக்கணும், ரெண்டு கால் ஒரு கை, இல்ல ரெண்டு கை ஒரு கால். வில்லையும் அம்பையும்...”

அங்கே நின்றது.

ஆர்விட் காத்திருந்தார். இந்தத் தடவை அந்த அமைதி அவருக்கே பிடிக்கவில்லை. நடைவழியில் ஏதோ வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுப் போனது. பெவ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரிய கிடா,” என்றார் கோர்டி கடைசியில். “பத்துக் கிளைக் கொம்பு. அம்பது கஜத்துல நின்னுச்சு, என்னைப் பார்க்கல. கயிறு கட்ட நேரம் இல்ல. ஒரே ஒரு தடவை. அம்பைக் கையிலேயே பிடிச்சுகிட்டு ஏறினேன். நாலாவது படி பனியில வழுக்கிடுச்சு.”

“அப்புறம் லைலை ஏன் மாட்டிவிட்டீங்க?”

“மாட்டிவிடலையே! நான் யார் பேரையும் சொல்லல. போன்ல அம்பு பாஞ்சிருக்குன்னுதான் சொன்னேன். போனை எடுத்த பொண்ணு உடனே ‘யார் எய்தது?’ன்னு கேட்டா. நான்... தெரியலைன்னேன். ஒரு வார்த்தை. அப்புறம் ஷெரிஃப் வந்து கையைப் பிடிச்சுகிட்டு, ‘அவனை விட மாட்டோம், சார்’னு அழுதான். அவனுக்குப் பன்னிரண்டு வயசுல நான்தான் கயிறு கட்டக் கத்துக் கொடுத்தேன். அவன்கிட்ட எப்படிச் சொல்றது?”

“லைல் பதினெட்டு மாசத்துக்குக் கையெழுத்துப் போடப் போறார்.”

“அவன் எய்யலைன்னா ஏன் போடறான்?” என்று கேட்டார் கிழவர். உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

“உங்க மாணவர்தானே?” என்றாள் பெவ்.

கோர்டி கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “உள்ள வா, ரேண்டி. எழுதிக்கோ,” என்றார்.

ரேண்டி எழுதிக்கொண்டு வந்ததை அன்று மாலை நான் தட்டச்சு செய்தேன். ஒன்றரைப் பக்கம். இருபத்தாறு அங்குலம் என்று நாலு இடத்தில் வருகிறது.

திங்கட்கிழமை ஒன்பது இருபதுக்கு லைலை விட்டுவிட்டார்கள். அவன் ஆர்விட்டுக்கு நன்றி சொல்லவில்லை. தோளைப் பற்றி டென்னியிடம் கேட்டதற்காக அவர் ஊரில் இருந்தவரை முகம் கொடுத்துப் பேசவுமில்லை. மேவிஸ் அவனை வீட்டில் இறக்கிவிட்டு, தோளைத் தன்னிடமும் மறைத்த கோபத்தில் அதே காரில் அக்கா வீட்டுக்குப் போனாள். பிப்ரவரியில் திரும்பி வந்தாள். கோர்டி ஹாஸ் மேல் பொய்த் தகவல் வழக்குப் போட அரசு வக்கீலுக்கு மனம் வரவில்லை. ஊரில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைத் தாங்க முடியாமல் அவர் நிலத்தை விற்றுவிட்டு துலூத் நகரில் மகள் வீட்டோடு போய்விட்டார். மூன்றாம் வருடம் அங்கே இறந்தார். வகுப்பை இப்போது ரேண்டி எடுக்கிறான். பெவ் ஏரிக்கரை மதுக்கடையையே வாங்கிவிட்டாள். ஆர்விட் மில்வாக்கிக்குத் திரும்பினார். அவருக்கு வேட்டை கடைசிவரை பிடிக்கவில்லை.

அடுத்த ஆகஸ்டில் லைல் டென்னியின் கடைக்கு முன்வாசல் வழியாகப் போய், எல்லோரும் பார்க்க, ஒரு புது எழுபது பவுண்டு வில் வாங்கினான். அதை அவன் இழுத்து யாரும் பார்த்ததில்லை.